கிண்டிக்குப் போன சீசா

கிண்டி என்றால் நம் பேட்ச் நண்பர்களுக்கு ரேஸ் கோர்ஸும் பாம்புப் பண்ணையும் ஞாபகம் வரலாம். எனக்குக் கிங் இன்ஸ்டிட்யூட்தான். மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

மதராஸ் மாகாண சானிடரி கமிஷனராக இருந்த டபிள்யூ.ஜி. கிங் பெயரில் 1899ல் ஏற்பட்ட நிறுவனம் அது. பெரியம்மைக்கான அம்மைப்பால் தயாரித்து மாகாணமெங்கும் அனுப்பியது ஆரம்பகால வேலை. நம் தலைமுறையின் கைத்தழும்புக்கும் அந்த இடத்துக்கும் அப்படியொரு உறவு! பிறகு குடிநீர்ப் பரிசோதனை, கிருமிப் பரிசோதனை என்று பொறுப்புகள் கூடின.

ஆஸ்பத்திரி லேப் ஒரு நோயாளிக்குப் பதில் சொல்லும். பொதுச் சுகாதார லேப் ஓர் ஊருக்கே பதில் சொல்ல வேண்டும். இது காலராதானா? எந்தத் தண்ணீரால் வந்தது? ஆனால் ஊர் எங்கேயோ, லேப் கிண்டியில். வெயிலில் மாதிரி போய்ச் சேருவதற்குள் மற்ற கிருமிகள் பெருகிக் காலரா கிருமியை அமுக்கிவிடும். லேப் "இல்லை" என்று எழுதும். ஊரில் சாவு நிற்காது.

இதற்கு வழி கண்டவர்கள் அங்கே பணியாற்றிய கே.வி. வெங்கட்ராமனும் சி.எஸ். ராமகிருஷ்ணனும். (நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் வேறு, இவர்கள் இரண்டு பேர்!) 1941ல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் வாலை வடிநீரில் 20 கிராம் சுத்திகரிக்காத கடல் உப்பு, 5 கிராம் பெப்டோன், கொஞ்சம் காரத்தன்மை. அவ்வளவுதான். அதில் காலரா கிருமி பெருகாது. ஆனால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வி.ஆர். திரவம் என்று பரீட்சைக்கு உருப்போட்டோமே, அதுதான் இது.

கிராமத்து சுகாதார நிலையத்தில் நான் இருந்தபோது அந்தச் சீசாவைப் பஞ்சில் சுற்றி, பஸ்ஸில் ஆள் கொடுத்து அனுப்புவோம். பதில் வரும்வரை சும்மா இருக்க மாட்டோம். கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டே காத்திருப்போம்.

1992ல் சென்னையில் ஓ139 என்ற புது வகைக் காலரா தலைகாட்டியது. நோயாளியைப் பார்த்தால் பழைய காலராவேதான். வழக்கமான ஓ1 சீரத்தோடு கிருமி ஒட்டவில்லை என்று லேப் மேசையில்தான் தெரிந்தது. 2020ல் கொரோனா மாதிரிகளும் கிண்டிக்குப் போயின.

இளைய டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பே மாதிரி எடுங்கள். சீசாவின் மேல் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதுங்கள். ஊர் பெயர் இல்லாத சீசாவால் ஊருக்கு என்ன பிரயோஜனம்?