33 அடிக் கம்பியும் 24 பக்கப் புத்தகமும்

“சார், முதல்ல எந்தப் புத்தகம் வாங்கணும்?”

ஆர்வலர்கள் தாங்களே வானலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவைக் கற்றுக்கொள்ளக் கடலூர் முதுநகரில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். நான் உடனே பெயர் சொல்வதில்லை. இந்தக் கேள்வி நம் ஊரில் நூறு வருஷமாகக் கேட்கப்படுவது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்துக்கு வருவேன்.

1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். ஜூலை 31-இல் 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பும் ஆரம்பமாயிற்று. ஆர்வலர்கள் சிலர் தாங்களே படித்து, தாங்களே பூட்டிப் பார்த்து நடத்திய நிலையம் அது. பணமுடையால் 1927-இல் கிளப் நின்றது. கருவியை மாநகராட்சி ஏற்று 1930 முதல் ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலியின் மதராஸ் நிலையம் 1938 ஜூன் 16-இல்தான் வந்தது.

அந்த நாளில் வானொலி கேட்க மிக எளிய கருவி கிரிஸ்டல் செட். ஒரு துண்டு கலீனா கல், அதைத் தொடும் மெல்லிய கம்பி முனை, ஒரு காயில், காதில் ஹெட்போன். மின்சாரமே வேண்டாம், காற்றில் வரும் அலையே அதற்குச் சக்தி. வானொலி கற்றுக்கொள்ளும் எவருக்கும் முதல் பாடம் இன்றுவரை இதுதான்.

பாடம் எளிது. அதைச் சொல்லித்தரும் புத்தகம்தான் கிடைக்கவில்லை. அமெரிக்க ஆர்வலர் சங்கம் 1926-இல் ஒரு கையேடு போட்டது. பிறகு வருஷா வருஷம் தடித்துக்கொண்டே வந்தது. நம் ஊருக்குப் பழைய பதிப்புகள் பழைய புத்தகக் கடை வழியாக வந்து சேர்ந்தன. 1974-இல், மதராஸில் கல்லூரி படிக்கும்போது, மூர் மார்க்கெட்டில் நான் ஒன்றை வாங்கினேன். விலை 7 ரூபாய். அது என் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு. தலையணை கனம் இருந்ததால், நல்ல புத்தகம் என்று நம்பினேன்.

இரண்டு மாதம் அந்தப் புத்தகத்தோடு போராடினேன். காயில் சுற்ற அது சொன்ன கம்பி எண் அமெரிக்க அளவு. நம் கடையில் கிடைத்தது பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. அளவு, அதே எண் சொன்னால் வேறு தடிமனில் கம்பி கிடைக்கும். அது கேட்ட 1என்34 டயோடு ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் இல்லை. அதன் டிரான்ஸ்பார்மர் 120 வோல்ட்டுக்குப் போட்டது. நம் சுவரில் இருப்பது 230 வோல்ட். அந்தப் படத்தை அப்படியே பூட்டியிருந்தால் புகைதான் மிஞ்சியிருக்கும். புத்தகத்தில் தப்பு ஒன்றுமில்லை. அது இன்னொரு ஊர்க் கடைத்தெருவை மனதில் வைத்து எழுதியது.

என் திண்டாட்டத்தைக் கேட்ட ஒரு மூத்த ஹாம், தன் கையெழுத்தில் எழுதி ரோனியோ இயந்திரத்தில் நகலெடுத்த 24 பக்கத்தை என்னிடம் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே படம் இருந்தது: “ஓஏ79 டயோடு கேள். காயிலுக்கு எத்தனை சுற்று, எந்தக் கம்பி என்று கீழே பார். கேங் கண்டென்சர் பழைய ரேடியோவில் கழற்றிக்கொள்.” ஒரே நாள் வேலை. இரவு ஹெட்போனில் மதராஸ் நிலையத்தின் செய்தி வந்தது. மொட்டை மாடியில் உட்கார்ந்து, முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். அமெரிக்கக் கையேட்டைப் பிறகு பல வருஷம் ஆசையாகப் படித்திருக்கிறேன். ஆனால் அது இரண்டாவது புத்தகம்.

லைசென்ஸ் தேர்வுக்கும் அந்த 24 பக்கம் போதுமானதாக இருந்தது. ரேடியோ கொள்கை, சட்ட விதிகள், மோர்ஸ். இரண்டாம் நிலை லைசென்ஸுக்கு அப்போது நிமிஷத்துக்கு 5 வார்த்தை வேகம் கேட்டார்கள். இன்று அடிப்படை லைசென்ஸுக்கு மோர்ஸ் தேவையில்லை. 12 வயதிலேயே எழுதலாம்.

அந்தப் புத்தகத்தின் கடைசி நான்கு பக்கத்தை மட்டும் நான் வெகுநாள் சரியாகப் படிக்கவில்லை. தலைப்பு ‘ஆபத்துக் காலம்’. அதை எழுதியவர் தனுஷ்கோடிப் புயலின்போது வாலிபராக இருந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் 100-க்கும் மேற்பட்டவர்களோடு அலையில் போனது. தந்தியும் தொலைபேசியும் அறுந்ததால் நடந்தது வெளியே தெரியவே தாமதமாயிற்று. “தகவல் போகாத ஊருக்கு உதவியும் போகாது” என்று அவர் அடிக்கடி சொல்வார். அதனால்தான் அந்த நான்கு பக்கம்.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது, ஹாம் ஆர்வலர் பாரதி பிரசாத் தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் அலைவரிசையில் உலகத்தோடு பேச அனுமதி பெற்று, அந்த மாதத் தொடக்கத்தில்தான் கருவியோடு போயிருந்தார். மின்சாரமும் தொலைபேசியும் விழுந்த தீவிலிருந்து அந்தக் கருவியே அவசரச் செய்திகளை இந்திய நிலப்பரப்புக்கு அனுப்பியது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோனது ஊருக்கு உதவியது. காரணம், அதைக் கையாளும் கை ஏற்கெனவே பழகியிருந்தது.

எனக்கு அப்படி ஒரு நாள் 2011 டிசம்பர் 30-இல் வந்தது. தானே புயல் அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பலாவும் முந்திரியும் தென்னையும் சாய்ந்து கிடந்தன. கரண்டு இல்லை. செல்போனில் கோடு இல்லை. என் ஆன்டெனாவும் அறுந்து கிடந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கடைசி நான்கு பக்கத்தைத் திறந்தேன்: “7 மெகாஹெர்ட்ஸுக்கு இருபுறமும் 33 அடி கம்பி. தாழ்வாகக் கட்டினாலும் பரவாயில்லை. பக்கத்து மாவட்டங்களுக்குக் கேட்கும். 12 வோல்ட் கார் பேட்டரி போதும். செய்தியைச் சுருக்கு: யார், எங்கே, என்ன, எத்தனை பேர்.”

துணிக் கொடியையே அவிழ்த்து, கம்பியைக் கட்டினேன். பதில் வந்தது. எங்கள் தெருவில் வெளியூர்ப் பிள்ளைகளைப் பற்றித் தவித்த பதினொரு வீட்டின் செய்தி அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

இப்போது அந்தப் பிள்ளைகளிடம் சொல்கிறேன். முதல் புத்தகத்தை வாங்குமுன் மூன்று பக்கம் புரட்டிப் பாருங்கள். ஆரம்பப் பக்கத்திலேயே கையில் ஒரு கம்பியைக் கொடுக்கிறதா? அது கேட்கும் பொருள் உங்கள் கடைத்தெருவில் கிடைக்குமா? கரண்டு போன இரவில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் அது உதவுமா? மூன்றும் இருந்தால், மெலிந்த புத்தகமானாலும் வாங்குங்கள். வாங்கியதும் மழைக்காலம் வருமுன் ஒரு தடவையாவது அதன்படி செய்து பார்த்துவிடுங்கள்.

அந்த ரோனியோ பிரதி இப்போது மஞ்சளாகி மடிப்பில் கிழிகிறது. ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டில் அதைக் கையாலேயே எழுதிக்கொண்டு போக வேண்டும் என்பது என் நிபந்தனை. கடைசி நான்கு பக்கத்தை முதலில் எழுதச் சொல்கிறேன்.