நவுரு பாஸ்பேட் சுரங்க உடைமை

நவுரு பசிபிக் பெருங்கடலில் உள்ள, 21 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட தீவு. அதன் நடுமேட்டில் வெட்டிய பாஸ்பேட் பாறை சூப்பர் பாஸ்பேட் உரமாகி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் வளப்படுத்தியது. நிலம் தீவினருடையது. அதைத் தோண்டும் உரிமையோ அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்நியர் கைகளிலேயே மாறிக்கொண்டிருந்தது.

பசிபிக் தீவுகள் கம்பெனியின் சிட்னி அலுவலகத்தில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல் ஒன்று நவுருவிலிருந்து வந்தது. கல்லாகிப்போன மரம் என்று எண்ணப்பட்ட அதை அங்கு வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸ் 1899-ல் சோதித்தார். உயர்தர பாஸ்பேட் என்று தெரிந்தது. தீவு அப்போது ஜெர்மன் ஆட்சியில் இருந்தது. தோண்டும் உரிமை யாலுயிட் என்ற ஜெர்மன் வணிக நிறுவனத்திடம். அதனுடன் உடன்பாடு செய்துகொண்ட பிரிட்டிஷ் நிறுவனமான பசிபிக் பாஸ்பேட் கம்பெனி 1906-ல் வேலையைத் தொடங்கியது. நிலத்துக்காரருக்குக் கிடைத்தது டன்னுக்கு அரை பென்னி.

1914-ல் ஆஸ்திரேலியப் படை தீவைக் கைப்பற்றியது. போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் கம்பெனியின் நவுரு, ஓஷன் தீவு உரிமைகளை 35 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையர்களிடம் ஒப்படைத்தன. நவுரு பாறையில் முறையே 42, 42, 16 சதவீதம் என்பது பங்கீடு. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி விலையில்தான் இருந்தது. மூன்று நாடுகளுக்கும் பாறை அடக்கவிலைக்கே போனது. கணக்கில் பெரிய லாபம் தெரியாது. பலன் மலிவு உரமாக அயல்நாட்டு உழவருக்குச் சேர்ந்தது. சந்தை விலையை ஒட்டிப் பங்கு கேட்க நவுரு மக்களுக்கு வழியே இல்லை. இதைச் சுரண்டல் என்றே சொல்ல வேண்டும்.

1942-ல் தீவைப் பிடித்த ஜப்பானியர் ஏறத்தாழ 1,200 தீவினரை ட்ரக் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1946 ஜனவரி 31 அன்று 737 பேரே திரும்பினர். அந்த நாளையே 1968-ல் விடுதலை நாளாகத் தேர்ந்தார்கள்.

நவுருத் தலைவர் ஹாமர் டி ரோபர்ட் முன்னின்று நடத்திய பேச்சின் பயனாக, 1967-ல் சுரங்கச் சொத்துகளை நவுரு மக்கள் 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்க உடன்பாடானது. தங்கள் நிலத்தைக் குடைந்த இயந்திரங்களுக்குத் தாங்களே விலை கொடுத்தார்கள். 1970-ல் நவுரு பாஸ்பேட் கழகம் பொறுப்பேற்றது.

விடுதலைக்கு முன் பாழான நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பைக் கோரி, 1989-ல் நவுரு ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1993-ல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசமானது. பிரிட்டனும் நியூசிலாந்தும் தலா 1.2 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஏற்றன. கழகத்தின் இடத்துக்கு 2005-ல் வந்த ரோன்பாஸ் என்ற அரசு நிறுவனம், சுண்ணாம்புத் தூண்களுக்கிடையே எஞ்சியதை வெட்டியெடுத்து வருகிறது.