காளாஞ்சகப்படை: நாஞ்சில் நாட்டு உணவும் குடல்நலமும்

காளாஞ்சகப்படை என்பது தோலில் தடித்த திட்டுகளும் அவற்றின்மேல் வெள்ளிநிறச் செதில்களும் தோன்றும் நாள்பட்ட அழற்சி நோய். சித்த மருத்துவம் வழங்கிய இந்தப் பெயரைவிட இன்று சோரியாசிஸ் என்ற பெயரே மக்களிடம் அதிகம் புழங்குகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. இந்திய வயது வந்தோரில் நூற்றுக்கு 0.44 முதல் 2.8 பேர் வரை இந்நோய் உடையவர்கள் என்று வெவ்வேறு கணக்கெடுப்புகள் கூறுகின்றன. குமரி மாவட்டத்தில் இந்நோயாளிகள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் உணவைப் பற்றியது: மீன் தின்னலாமா, புளி சேர்க்கலாமா, எதை விட்டால் படை மாறும்? இக்கட்டுரை அக்கேள்விகளை மாவட்டத்தின் உணவு வழக்கத்தோடும், குடல் பற்றிய இன்றைய ஆய்வுகளோடும் சேர்த்துப் பார்க்கிறது.

நோயின் இயல்பு

இயல்பான தோலில் அடியில் பிறக்கும் உயிரணு மேற்பரப்புக்கு வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். காளாஞ்சகப்படையில் இந்தப் பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. முதிராத அணுக்கள் மேலே குவிந்து செதிலாகின்றன. இதைத் தூண்டுவது உடலின் எதிர்ப்பாற்றல். இன்டர்லூக்கின் 23, இன்டர்லூக்கின் 17 என்னும் இரண்டு செய்திப் புரதங்கள் அளவுக்கு மீறிச் சுரந்து அழற்சியை அணையவிடாமல் வைக்கின்றன. பரம்பரைக்கூறு இருந்தாலும் அதுமட்டும் போதாது. தொண்டைப்புண், மன உளைச்சல், தோலில் ஏற்படும் காயம், மது, புகை, லித்தியம் போன்ற சில மருந்துகள் ஆகியவை நோயைக் கிளப்பிவிடும்.

பாடநூல்கள் காட்டும் செந்நிறத் திட்டு வெள்ளைத்தோலுக்கு உரியது. நம்மவர் கருத்த தோலில் அது ஊதாவாகவோ சாம்பல் படிந்த பழுப்பாகவோ தெரியும். இதனாலேயே சாதாரணப் படர்தாமரை என்று எண்ணி, மருந்துக்கடையில் கிடைக்கும் களிம்பை மாதக்கணக்கில் தடவி, நோயை முற்றவிட்டு வருபவர் பலர். அந்தக் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அதைத் திடீரென நிறுத்தினால் படை முன்னிலும் கடுமையாகத் திரும்பும்.

ஐரோப்பிய மருத்துவத்திலும் இந்நோய் நெடுங்காலம் தொழுநோயோடு சேர்த்தே பேசப்பட்டது. வியன்னாவின் ஃபெர்டினாண்ட் வான் ஹெப்ரா 1841இல்தான் இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். ஆனால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காரத் தயங்குவதும், குளத்தில் இறங்கவிடாமல் முகம் சுளிப்பதும் அந்தப் பழைய குழப்பத்தின் எச்சங்களே. உலகச் சுகாதாரப் பேரவை 2014இல் இந்நோய் குறித்துத் தனித் தீர்மானம் நிறைவேற்றியபோது, நோயாளிகள் சந்திக்கும் ஒதுக்கலையும் குறிப்பிட்டது.

தோலும் குடலும்

காளாஞ்சகப்படை உடையவர்களுக்குக் குரோன் நோய் என்னும் குடல் அழற்சி மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. இரண்டு நோய்களிலும் இன்டர்லூக்கின் 23 பங்கு வகிக்கிறது. ஆனால் இந்த உறவு நேர்கோடு அன்று. இன்டர்லூக்கின் 17ஐத் தடுக்கும் செக்குகினுமாப் என்ற ஊசிமருந்து படையை வியக்கத்தக்க அளவு ஆற்றுகிறது. அதே மருந்தைக் குரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, 2012இல் வெளிவந்த முடிவுகளின்படி, பயன் கிட்டவில்லை. சிலருக்குக் குடல்நோய் மோசமானது. தோலில் தீங்கு செய்யும் அதே புரதம் குடற்சுவரில் காவல் வேலை செய்கிறது என்பதே இதற்கான விளக்கம். ‘குடலைச் சுத்தம் செய்தால் தோல் தானே மாறும்’ என்று சொல்லிச் செல்பவர்கள் இந்த ஒரு செய்தியை நின்று யோசிக்க வேண்டும்.

குடலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைமை இந்நோயாளிகளிடம் குறைந்திருப்பதாக 2015இல் நியூயார்க் ஆய்வாளர்கள் காட்டினர். குறைவு நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பது அந்த ஆய்வால் முடிவாகவில்லை. நல்ல நுண்ணுயிர்களை மாத்திரையாகக் கொடுத்த ஸ்பெயின் ஆய்வு ஒன்றில் (2019, 90 பேர், 12 வாரம்) மருந்துக் களிம்போடு அதையும் எடுத்தவர்கள் கூடுதலாகத் தேறினர். மாறாக, டென்மார்க்கில் காளாஞ்சகப்படையோடு மூட்டுவாதமும் வந்த 31 பேரிடம் நடந்த ஆய்வில் (2021), நலமானவர்களின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் குடலில் பெற்றவர்களுக்கு, போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிடப் பலன் குறைவாக இருந்தது. குடலும் தோலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்பதில் ஐயமில்லை. அந்தப் பேச்சில் நாம் எங்கே நுழைந்து எதை மாற்றலாம் என்பது இன்னும் தெளியவில்லை.

மாவட்டத்தின் உணவு

நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் பழையாற்றுப் பாசனத்தில் நெல் விளைந்த மண். மேற்கே கல்குளமும் விளவங்கோடும் மேட்டுநிலம். அங்கே ஏழைகளின் வயிற்றை நிறைத்தது மரச்சீனி. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் (ஆட்சி 1880–1885) இக்கிழங்கைப் பரப்ப ஊக்கமளித்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது இந்தக் கிழங்கே பல குடும்பங்களைக் காப்பாற்றியது.

இங்கே ஒரு பழைய வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். நெய்யூரில் 1838இல் தொடங்கிய லண்டன் மிஷன் மருத்துவமனைக்கு, 1922 எவரெஸ்ட் முயற்சியில் பங்கெடுத்த ஹோவர்டு சாமர்வெல் அறுவை மருத்துவராக வந்து சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். தென் திருவிதாங்கூரில் அவர் கண்டு திகைத்த நோய் முன்சிறுகுடற் புண். அக்காலத்து மருத்துவர்கள் இதற்குக் காரணமாகக் கிழங்கும் மிளகாயும் மிகுந்த, புரதம் குறைந்த உணவைச் சுட்டினர். குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் இந்தப் பகுதி ஏழைகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பல எலிகளுக்கு இரைப்பையில் புண் வந்தது. உணவே காரணம் என்ற கருத்து உறுதிப்பட்டது போலத் தோன்றியது. ஆனால் 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் என்னும் நுண்ணுயிரைக் கண்டறிந்த பிறகு, புண்ணுக்கு முதன்மைக் காரணம் மாறிப்போனது. உணவுக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம். முழுப் பழியும் அதன்மேல் ஏற்றப்பட்டது மிகை. இதே மாவட்டத்தில் இன்று காளாஞ்சகப்படைக்குக் கத்தரிக்காயையும் மீனையும் குற்றஞ்சாட்டும்போது அந்த அனுபவத்தை மறக்கலாகாது.

உணவும் இந்நோயும் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது மத்தியதரைக்கடல் நாட்டு உணவு. பிரான்சில் 35,735 பேர் கலந்துகொண்ட கணக்கெடுப்பில் (2018), அவ்வுணவை ஒட்டி உண்பவர்களிடம் கடுமையான படை குறைவாக இருந்தது. 2025இல் மட்ரிட்டில் 38 பேரிடம் 16 வாரம் நடந்த சிறு சோதனையும் அதற்கு ஆதரவாக நின்றது. ஆலிவ் எண்ணெய் நம் சந்தையில் விலை கூடிய பண்டம். அதை வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அவ்வுணவின் உள்ளடக்கம் மீன், பயறு, காய், கீரை, பழம், முழுத்தானியம். இறைச்சியும் இனிப்பும் குறைவு. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு குமரி மாவட்ட அடுக்களைக்குள் போனால் பாதிக்கு மேல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் ஒன்று. தவிடு முழுதும் நீங்காத அரிசியும் பயறும் சேர்ந்தால் நார்ச்சத்தும் புரதமும் ஒரே வேளையில் கிடைக்கும். நார்ச்சத்தைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. அழற்சியை அடக்கும் எதிர்ப்பணுக்களுக்கு இவை துணை. ஏத்தங்காய்த் துவரனிலும் இந்த வேலையைச் செய்யும், எளிதில் செரிக்காத மாவு உண்டு. அதே ஏத்தங்காயை உப்பேரியாக வறுத்துவிட்டால் கணக்கு வேறு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் உள்ளிட்ட வாழைப்பழங்களை விலக்க எந்தக் காரணமும் இல்லை. சர்க்கரை நோய் இருந்தால் எண்ணிக்கையைக் கவனித்தால் போதும்.

பழங்கஞ்சி தனியே குறிப்பிடத் தக்கது. இரவு நீரூற்றிய சோற்றில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. ஆறிய சோற்றில் செரிக்காத மாவின் பங்கும் கூடுகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மருத்துவர்கள் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோற்றைக் கொடுத்து ஆய்வு செய்துள்ளனர். காளாஞ்சகப்படையை அது ஆற்றும் என்று யாரும் நிறுவவில்லை. என்றாலும் இனிப்புப் பன்னையும் பாக்கெட் பிஸ்கட்டையும் காலை உணவாக்கிக்கொண்ட வீட்டில் பழங்கஞ்சி திரும்ப வந்தால் அது நல்ல மாற்றமே. உப்பும் அப்பளமும் அளவோடு இருக்கட்டும்.

தேங்காய் இல்லாத தீயலோ எரிசேரியோ அவியலோ இங்கில்லை. தேங்காய் இந்நோயைக் கிளறுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நூறு கிராம் தேங்காயில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. எடை கூடியவர்கள் அரைத்த தேங்காயின் அளவைப் பாதியாக்கினால் சுவை கெடாது, சுமை குறையும். மரச்சீனி பெரும்பாலும் மாவுச்சத்து. முழுவேளை உணவாக அதைமட்டும் தின்னாமல் மீன்குழம்போடு அளவாக உண்பதே உகந்தது.

பத்தியமும் மீனும்

சித்த மருத்துவத்தில் தோல்நோய்க்குச் சிகிச்சை பெரும்பாலும் பேதி மருந்தில் தொடங்கும். வயிற்றைக் கழியவைத்து, உள்மருந்து கொடுத்து, மேலுக்கு வெட்பாலைத் தைலம் பூசச் சொல்வார்கள். வெட்பாலையின் பச்சை இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் எண்ணெய் ஆழ்ந்த ஊதாநிறம் கொள்ளும். மலையாள மரபினர் இதைத் தந்தப்பாலைத் தைலம் என்பர். சென்னையில் மத்திய ஆய்வுக் குழு இதையே 777 எண்ணெய் என்ற பெயரில் ஆராய்ந்தது. ஆயுர்வேதத்தில் ஒவ்வா உணவுச் சேர்க்கை, குறிப்பாக மீனும் பாலும், தோல்நோய்க்குக் காரணமாகக் கூறப்படும். அங்கே கசப்பு மருந்து நெய்யும் மோர்த்தாரையும் சிகிச்சையாகும். நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும், முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் இருப்பதால் இம்மரபுகளுக்கு மாவட்டத்தில் முறையான வாசல் உண்டு.

சிக்கல் பத்தியத்தில் இருக்கிறது. மீன், கருவாடு, கத்தரிக்காய், புளி ஆகியவற்றை விலக்கச் சொல்வது வழக்கம். குறிப்பிட்ட மருந்து உண்ணும் சில வாரங்களுக்கு என்று சொல்லப்பட்ட பத்தியம் வீடுகளில் ஆண்டுக்கணக்கில் நீண்டுவிடுகிறது. குளச்சலிலோ முட்டத்திலோ கடலோரம் வாழும் குடும்பத்துக்கு மீன்தான் மலிவான, தரமான புரதம். சாளையும் அயிலையும் ஒமேகா 3 கொழுப்பு மிகுந்த மீன்கள். மத்தியதரைக்கடல் உணவில் போற்றப்படுவதும் இத்தகைய மீன்களே. மீனெண்ணெய் மாத்திரை படையை ஆற்றுமா என்று 145 பேரிடம் நான்கு மாதம் சோதித்த நார்வே ஆய்வு (1993) சோள எண்ணெயைவிட மேலான பலனைக் காணவில்லை. எனவே மீன் மருந்தன்று. ஆனால் அது விலக்கத்தக்க பண்டமும் அன்று. சாளையைப் பொரிப்பதைவிட மாங்காய் போட்டுக் குழம்பாக வைப்பது நல்லது. கருவாட்டைக் குறைக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அதன் உப்பு கெடுதல். உடல் முழுதும் சிவந்து செதிலுதிரும் கடுநிலையில் தோல்வழியே புரதம் வெளியேறுகிறது. அந்த நேரத்தில் முட்டையையும் மீனையும் நிறுத்துவது நோயாளியை மேலும் தளர்த்திவிடும்.

கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒருசேர விலக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் உண்டு. ஜான் பகானோ என்ற முதுகெலும்புச் சிகிச்சையாளர் குடல் கசிவே இந்நோயின் வேர் என்று வாதிட்டு அதைப் பரப்பினார். அவருடைய கருத்தைச் சோதித்து நிறுவிய நம்பகமான ஆய்வு இல்லை. கோதுமையை விலக்குவதும் எல்லோருக்கும் உரியதன்று. அமெரிக்கத் தேசிய சோரியாசிஸ் அறக்கட்டளையின் மருத்துவக் குழு 2018இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, இரத்தப் பரிசோதனையில் கோதுமைப் புரதமான குளூட்டன் ஒவ்வாமைக்கான அறிகுறி தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

எடை, மது, மாத்திரை

அறக்கட்டளையின் அதே பரிந்துரை உறுதியாகச் சொன்னது ஒன்றுதான்: எடை கூடியவர்கள் எடையைக் குறைக்க வேண்டும். டென்மார்க்கில் 60 பேரிடம் நடந்த சோதனையில் (2013) குறைந்த கலோரி உணவு உண்டவர்கள் 16 வாரத்தில் சராசரியாக 15 கிலோவுக்கு மேல் இறங்கினர். அவர்களின் வாழ்க்கைத் தரம் தெளிவாக உயர்ந்தது, தோலில் கண்ட முன்னேற்றம் புள்ளியியல் உறுதிக்குச் சற்றே எட்டாமல் நின்றது. கொழுப்புத் திசு தானே அழற்சிப் புரதங்களைச் சுரப்பதால் எடை குறைவது மருந்தின் வேலையையும் எளிதாக்கும். எதைத் தின்னக்கூடாது என்று பத்துப் பண்டங்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, எவ்வளவு தின்கிறோம் என்று பார்ப்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. இந்நோயாளிகளிடம் சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல், இதயநோய் ஆகியவை கூடுதலாகக் காணப்படுவதால் இரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதுவைப் பற்றி மழுப்பிச் சொல்ல இடமில்லை. அது படையைக் கிளப்புகிறது, குடற்சுவரைக் கெடுக்கிறது, மெத்தோட்ரெக்சேட் உண்பவரின் கல்லீரலை நேரடியாகத் தாக்குகிறது. மிதமான, கடுமையான நோய்க்கு இந்த மாத்திரை பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது, விலையும் குறைவு. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் இதை உண்ண வேண்டும். தவறி நாள்தோறும் உண்டவர்கள் உயிரிழந்ததுண்டு. எனவே கிழமையைச் சீட்டில் எழுதி வாங்குவதும், வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிவைப்பதும் அவசியம். ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளில் உண்ண வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் இம்மருந்தை உண்ணக்கூடாது. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த உள்மருந்துகளை இதோடு மறைவாகச் சேர்த்துண்பது சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ஆபத்து. இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மூட்டுவாதமும் வரும். காலையில் எழுந்ததும் விரல்களோ முதுகோ அரைமணிக்கு மேல் விறைத்து நின்றாலும், ஒரு விரல் முழுதாக வீங்கினாலும், குதிகாலில் வலி நீடித்தாலும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது. மூட்டு சில மாதங்களிலேயே அரிக்கப்பட்டுவிடலாம். அரித்த எலும்பு மீண்டும் வளராது. ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவை அப்போதே அணுக வேண்டும்.