வழக்கு இருந்தால் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா?

அமீரகத்திலும் மற்ற வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி இது. ஊரில் சொத்துத் தகராறில் பங்காளி கொடுத்த புகார், இங்கே ரூமில் நடந்த சண்டை, திரும்பி வந்த காசோலை என ஏதோ ஒன்றில் பெயர் சிக்கியிருக்கும். கம்பெனியிடம் சொல்வதா, பேசாமல் இருப்பதா?

அமீரகத் தனியார் துறைக்கான தொழிலாளர் சட்டம் 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் உள்ளது. குற்றச்சாட்டு வந்தாலே முதலாளியிடம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் தனிப் பிரிவு கிடையாது. இதை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். சொல்லும் கடமை வேறு வழிகளில் வந்து சேர்கிறது.

முதல் வழி, நாம் கையெழுத்திடும் ஒப்பந்தமும் விண்ணப்பமும். வங்கி, பள்ளி, மருத்துவமனை, செக்யூரிட்டி வேலைகளில் இந்தக் கேள்வி வர வாய்ப்பு அதிகம். கேள்வியை நிதானமாகப் படிக்க வேண்டும். 'தண்டனை பெற்றதுண்டா' என்பது வேறு, 'வழக்கு நிலுவையில் உள்ளதா' என்பது வேறு. எஃப்.ஐ.ஆர் போடப்பட்டதாலேயே ஒருவர் தண்டனை பெற்றவர் ஆகிவிடமாட்டார். ஆனால் நேராகக் கேட்டதற்குப் பொய் எழுதினால், வழக்கைவிட அந்தப் பொய்யே பெரிய சிக்கலாகிவிடும். அவதார் சிங் வழக்கில் 2016-இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: கேட்ட தகவலை உண்மையாகக் கொடுக்க வேண்டும், மறைத்தது அற்ப வழக்கு என்றால் வேலை கொடுப்பவர் அதை மன்னிக்கலாம். அது அரசு வேலை பற்றிய தீர்ப்புதான், இங்கே செல்லாது. ஆனாலும் நம் ஊர்க்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது.

இந்தியப் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் நிலுவை வழக்கு பற்றிய கேள்வி உண்டு. தெரிந்தே மறைத்தால், 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது.

இரண்டாவது வழிதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: காவலில் வைக்கப்படுவது. தகுந்த காரணமின்றித் தொடர்ந்து 7 நாளுக்கு மேல் வேலைக்கு வராதவரை நோட்டீஸ் இல்லாமலே நீக்க 44-ஆம் பிரிவு இடம் தருகிறது. உள்ளே இருப்பவர் எங்கே என்று கம்பெனிக்குத் தெரியாவிட்டால், ஓடிப்போனார் என்று புகார் கொடுக்கவும் வழியுண்டு. வழக்கிலிருந்து விடுபட்டு வெளியே வருகிறவருக்கு இது புதுத் தலைவலி. ஆகவே ரூம் நண்பரோ உறவினரோ, இரண்டொரு நாளுக்குள் காவல் நிலையத்தின் பெயரையும் வழக்கு எண்ணையும் குறிப்பிட்டு எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். போனில் சொன்னது மட்டும் போதாது.

சொன்னால் உடனே வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. 40-ஆம் பிரிவின்படி உயிர், உடைமை, நாணயம், நேர்மை தொடர்பான குற்றச்சாட்டு என்றால், இறுதி முடிவு வரும்வரை கம்பெனி தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். அந்தக் காலத்துக்குச் சம்பளமும் நிற்கும். வழக்குத் தொடரப்படாவிட்டாலோ, ஆதாரமின்றி விடுவிக்கப்பட்டாலோ மீண்டும் வேலையில் சேர்த்து, நிறுத்திய சம்பளத்தை முழுதாகத் தர வேண்டும். 3 மாதத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை இறுதியாக உறுதியானால் ஒப்பந்தம் முடிந்துவிடும். சவூதியில் வேலை தொடர்பான வழக்கில் காவலில் இருப்பவருக்கு 180 நாள் வரை பாதிச் சம்பளம் தர 97-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கும், துபாய் டி.ஐ.எஃப்.சி போன்ற நிதி மண்டலங்களில் வேலை செய்வோருக்கும் சட்டம் தனி.

பாஸ்போர்ட்டை ஜாமீனுக்காகப் போலீஸ் வாங்கி வைத்துக்கொள்வதும், பயணத் தடை விழுவதும் உண்டு. விசா புதுப்பிக்கும் நேரத்தில் கம்பெனிக்கு அது எப்படியும் தெரியவரும். அதற்கு முன்பே நாமே சொல்லிவிடுவது நல்லது.

சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். நம்மவர்களுக்கு ஒரு பழக்கம்: 'தெரியாமல் தப்பு நடந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் சார்' என்று உருக்கமாகக் கடிதம் எழுதிவிடுவார்கள். அது பின்னால் வாக்குமூலமாகவே திரும்பி வரலாம். புகார் என்ன, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை நாள் வர முடியாது, இவ்வளவு போதும். காவல் நிலையத்திலும், அரபியில் எழுதிய வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் படித்துச் சொல்லாமல் கையெழுத்திடக் கூடாது. தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்கும் உரிமை 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவில் இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லாத இந்தியர்கள், இந்திய சமூக நல நிதியிலிருந்து சட்ட உதவி கிடைக்குமா என்று தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ விசாரிக்கலாம். இலங்கைத் தமிழர்கள் தங்கள் தூதரகத்தை அணுக வேண்டும்.