மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

போன கிழமை நான் போட்ட பழைய படத்தின் கீழே, ரொறன்ரோவில் இருக்கும் என் மாணவன் ஒருவன் கேட்டிருந்தான்: "சேர், அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் கார்கள் உண்மையாகவே மண்ணெண்ணெயில்தான் ஓடினதோ? என்ரை மகள் நம்புறாள் இல்லை." ஓடினதுதான். ஏன், எப்படி என்று ஒருமுறை ஒழுங்காக எழுதிவைப்போம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோடு இருங்கோ.

படத்தில் இருப்பது பெரியப்பாவின் மொறிஸ் மைனர். 1954இல் வாங்கியது. இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய கார் என்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோசம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் காரை 1948இல் லண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வைத்தார்கள். பின்னாளில் மினி காரைச் செய்தவரும் அவர்தான். மொத்தம் 16 இலட்சம் மைனர்கள் செய்யப்பட்டன. எங்கள் பக்கத்தில் மலாயன் பென்சன்காரர், டொக்டர்மார், கொஞ்சம் வசதியான வாத்திமார் வீடுகளில் இது நின்றது. ஹயர் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40 வைத்திருந்தார்கள்.

யுத்தத்துக்கு முன்பே எங்கள் கார்கள் கிழடுகள்தான். 1960களின் தொடக்கத்தில் நாட்டில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு, கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் கதவு திறக்கும்வரை, இருந்த காரைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. பிஸ்ரன் றிங் மாற்றுவது, சிலிண்டரைக் கடைந்து பெருப்பிப்பது, கிடைக்காத புஷ்ஷைக் கடைசல் பட்டறையில் செய்விப்பது எல்லாம் அந்தப் பதினைந்து வருசத்தில் எங்கள் கராஜ்காரர் படித்த பாடம். 1990இல் அது உதவியது.

அந்த வருசம் ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது. மின்சாரம் போனது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பெற்றோல், பற்றரி என்று தடைப்பட்டியல் நீண்டது. கடத்தி வந்த பெற்றோல் பவுண் மாதிரி விற்றது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்பாட்டோடு வந்தது.

மண்ணெண்ணெய் ஏன் சாதாரணமாகக் காரை ஓட்டாது? இரண்டு காரணம். ஒன்று, குளிரில் அது ஆவியாகாது. ஆவியாகாததில் பிளக்கின் பொறி பட்டும் பயனில்லை. இரண்டு, இஞ்சினுக்குள் கூடுதலாக அமுக்கப்பட்டால், அது நேரத்துக்கு எரியாமல் தன்பாட்டில் வெடித்து 'டொக் டொக்' என்று அடிக்கும். பெரியப்பாவின் கார் 803 சீசீ. அமுக்க விகிதம் 7.2 மட்டும்தான். பின்னாளில் வந்த ஜப்பான் கார்களில் இது கூட. ஆகவே புதுக்கார்கள் முற்றத்தில் படுத்துக்கிடக்க, கிழட்டு மொறிசும் ஒஸ்ரினும் றோட்டில் ஓடின. எங்கள் மெக்கானிக் இஞ்சின் தலைக்குக் கீழே இன்னொரு காஸ்கெற்றையும் வைத்து, அந்த விகிதத்தை மேலும் குறைத்துவிட்டார்.

மற்றப் பிரச்சினைக்கு வழி சூடு. காபரேற்றரில் சின்னப் போத்தலால் நாலைந்து துளி பெற்றோல் விட்டு, ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினால் இஞ்சின் பிடிக்கும். பற்றரி செத்த காலத்தில் அந்த ஹாண்டில்தான் தெய்வம். இஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் ஆவியாகத் தொடங்கும். வெள்ளைப் புகையோடு வண்டி கிளம்பும். இது யாழ்ப்பாணத்துக் கண்டுபிடிப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. ஆங்கிலேயரின் பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறி ஓடும்படிதான் செய்யப்பட்டது. எங்கள் ஆட்கள் அந்த அறிவைக் காருக்குக் கொண்டுவந்தார்கள். அதுவே பெரிய காரியம்தான்.

இதற்கு இஞ்சின் கொடுத்த விலையையும் சொல்லவேணும். எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டிக் கீழே ஒயிலோடு கலந்துவிடும். வழக்கமாக ஓட ஓட ஒயில் குறையும். எங்கள் காரில் கோல் விட்டுப் பார்த்தால் ஒயில் கூடியிருக்கும்! பார்க்கச் சந்தோசம், ஆனால் தண்ணீர் மாதிரி மெலிந்துபோன ஒயில், பெயரிங்குகளைத் தின்றுவிடும். புது ஒயிலுக்கு எங்கே போவது? பழையதை வடித்து, அடைய விட்டு, துணியால் வடிகட்டித் திரும்ப ஊற்றினார்கள். இரண்டு தரம் பெயரிங் போனது.

அதே 1990களின் தொடக்கத்தில் இதே தீவின் தெற்கில், இங்கிலாந்தில் இருக்கும் மொறிஸ் மைனர்களுக்காக உதிரிப்பாகம் செய்து கப்பலில் அனுப்பினார்கள். பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவரின் முயற்சி அது. ஒரு காரை வாழ்நாள் முழுக்க வைத்திருக்கலாம் என்று 1982இல் புத்தகமே எழுதியவர். இங்கிருந்து இங்கிலாந்துக்குப் போன சாமான் யாழ்ப்பாணத்துக்கு வர வழியில்லை.

இதையெல்லாம் எங்கள் கெட்டித்தனம் என்று பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கார் குடித்த மண்ணெண்ணெயும், உங்கள் ஜாம் போத்தல் விளக்கில் எரிந்த மண்ணெண்ணெயும் ஒன்றுதான். அந்த வெளிச்சத்தில்தான் நீங்கள் சோதனைக்குப் படித்தீர்கள். காலையில் மூக்குத் துவாரம் கறுத்து வகுப்புக்கு வந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை. அதனால் பெரியப்பாவின் மகன், எங்கள் அண்ணா, ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்: கலியாணத்துக்கும் கோயிலுக்கும் கார் இல்லை. பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, ஷெல் காயம், இவற்றுக்கு மட்டும். ஊரில் சிலர் கோபித்தார்கள். அவர் அசையவில்லை. இதை வாசிக்கிறவர்களில் இரண்டு பேர் அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள். யாரென்று நான் சொல்லப்போவதில்லை; அவர்களுக்குத் தெரியும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு. வலிகாமம் முழுக்க மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. காருக்குள் ஆச்சியும், எழும்ப முடியாத அயல்வீட்டுக் கிழவரும், ஒரு பச்சைக்குழந்தையும் தாயும். மண்ணெண்ணெய்க் காருக்கு ஓட்டம் வேணும். ஊர்ந்தால் சூடு இறங்கி, பிளக் நனைந்து நின்றுவிடும். அந்தச் சனத்துக்குள் ஓட்டம் ஏது? நின்றால் மறுபடி தொடங்கப் பெற்றோல் வேணும்; கையில் இருந்தது ஒரு சின்னப் போத்தல். செம்மணிக்கு முன்னரே இஞ்சினை நிறுத்தச் சொன்னார் அண்ணா. நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை ஆறு பேர் முறைவைத்துத் தள்ளினோம். விடிந்த பிறகு, கைதடிக்கு அப்பால் றோட்டுக் கொஞ்சம் வெளித்தபோதுதான் ஹாண்டிலைப் போட்டார். மூன்றாம் சுற்றில் பிடித்தது.

அடுத்த வருசம் ஊருக்குத் திரும்பினோம். கப்பலில் எரிபொருள் வரத் தொடங்கியது. மெக்கானிக் அந்த இரண்டாவது காஸ்கெற்றைக் கழற்றினார். 2002இல் ஏ9 பாதை திறந்ததும், பழைய கார் சேர்க்கிற ஆட்கள் கொழும்பிலிருந்து தேடி வந்தார்கள். அண்ணாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு. கொடுத்துவிட்டார்.

வாங்க வந்தவர் எத்தனை மைல் ஓடியிருக்கும் என்று கேட்டார். அந்த மீற்றரில் ஐந்து இலக்கம்தான். 99,999க்குப் பிறகு மறுபடி சைபர். பெரியப்பா காலத்தில் ஒருதரம், அண்ணா காலத்தில் ஒருதரம் சுற்றியதை நாங்கள் அறிவோம். 1991இல் மீற்றர்க் கம்பி அறுந்தது. மாற்றக் கம்பி கிடைக்கவில்லை. ஆகவே ஆஸ்பத்திரி ஓட்டங்களும் அந்த இரவும் அதில் ஏறவே இல்லை. "இரண்டு இலட்சத்துக்கு மேல்" என்றார் அண்ணா. அவர் அதையே தாளில் எழுதிக்கொண்டு போனார்.