‘மனேர் மானுஷ்’: பால் காட்டாத ஒரு தொடரும் தமிழாக்கமும்

வங்கத்துப் பாவுல் பாடல்களுள் ககன் ஹர்கரா இயற்றிய ஒன்று நூறாண்டுகளுக்கு மேலாகப் பாடப்பட்டு வருகிறது. ககன் ஷிலைதஹப் பகுதியில் கடிதம் சுமந்தவர். ‘ஹர்கரா’ என்பது அஞ்சலோட்டியைக் குறிக்கும் தொழிற்பெயர். குடும்ப நிலங்களை மேற்பார்வையிட 1890களில் அங்குத் தங்கிய இரவீந்திரநாத தாகூர் இப்பாடலில் ஈடுபட்டார். 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து ‘அமார் சோனார் பாங்ளா’வை எழுதியபோது இதன் மெட்டையே மேற்கொண்டார். 1915இல் ‘பிரபாசி’ இதழின் ‘ஹாராமணி’ பகுதியில் ககனின் பாடல் அச்சேறியது. தாகூர் பாடலின் முதற் பத்து அடிகள் 1972இல் வங்கதேசத்தின் நாட்டுப்பண் ஆயின.

நிலைபேற்றுக்கு மெட்டே காரணம் என்பர். அது பாதி உண்மையே. அதே மெட்டில் தாகூரின் சொற்கள் தாய்நாட்டை முன்னிலையில் விளிக்கின்றன. ககனின் சொற்களோ கைக்கு எட்டாத ஒருவரைப் படர்க்கையில் தேடுகின்றன. அவ்வொருவரே ‘மனேர் மானுஷ்’. அன்றாட வங்கமொழியில் இது மனத்துக்கு உகந்த காதலரையும் குறிக்கும். பாவுல் மரபில் உடலுக்குள்ளே உறையும் இறைமையைக் குறிக்கும். இவ்விரு பொருளையும் பிரிக்காமல் பாடுவதுதான் பாட்டின் உயிர்.

இதற்கு மொழியமைப்பும் துணை நிற்கிறது. வங்கப் படர்க்கைப் பெயர்களில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு இல்லை. வினைமுற்றும் பால் காட்டாது. ‘மானுஷ்’ இருபாற்கும் பொது. எனவே தேடப்படுவது ஆணா, பெண்ணா, இறையா என்று பாட்டு சொல்லவேண்டியதே இல்லை. 1922இல் வெளிவந்த ‘கிரியேட்டிவ் யூனிட்டி’ நூலில் இப்பாடலை ஆங்கிலப்படுத்திய தாகூர் ஆண்பாற் பெயரைக் கையாண்டார். மூலத்தை நன்கறிந்தவருக்கே அந்நெருக்கடி நேர்ந்தது.

தமிழில் நெருக்கடி இன்னும் கூடுதல். ‘அவன்’ என்றால் காதலனோ கடவுளோ ஆகிவிடும். ‘அவள்’ என்றால் காதற்பாட்டாகும். ‘அவர்’ என்னும் மதிப்புப்பன்மையில் நெருக்கம் போய்விடும். ‘அது’ தத்துவத்துக்குப் பொருந்தலாம். ஆனால் ஏங்கி அழும் குரலுக்கு அஃறிணை ஒவ்வாது. (உலகை அவன், அவள், அது எனப் பகுத்துத் தொடங்கும் சிவஞானபோதத்தை நினைவில் கொண்ட தமிழர்க்கு இச்சிக்கல் புதிதன்று.) ‘மனம்’ இரு மொழிக்கும் பொதுவாக வாய்த்தும் ‘மனிதன்’ என்ற சொல் ஆண்பாலில் நின்றுவிடுகிறது.

என்றாலும் தமிழிலக்கணமே சில வாயில்களைத் திறந்து வைத்துள்ளது. ‘யார்’ என்னும் வினாச்சொல் உயர்திணை முப்பாலுக்கும் உரியது என்பது தொல்காப்பியம். ‘ஆள்’ என்னும் சொல்லும் தன்னளவில் பால் காட்டுவதில்லை. தேடுபவர் கூற்றாக வரும் தன்மை வினைமுற்றும் அவ்வாறே. செயப்படுபொருளாக வரும் சுட்டுப்பெயரைத் தமிழ் இயல்பாகவே தொகுத்துவிடும். ஆகவே படர்க்கை எழுவாயைத் தவிர்த்துத் தன்மையிலேயே வாக்கியங்களை நடத்தும் மொழிபெயர்ப்பாளர் பெரும்பகுதியைக் காக்க இயலும். ‘மனத்துக்குரிய ஆள்’ என்பது செவிக்குச் சற்றுக் கொச்சையாகப் படலாம். கடிதப் பை சுமந்தவரின் பாட்டுக்கு ‘உள்ளத்துறை பரம்பொருள்’ என்பதினும் அதுவே நெருக்கமானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.