240 வரிகளின் கதை

பழைய மாரியோ விளையாட்டைப் புதிய பெரிய டிவியில் போட்டால் படம் ஏன் மங்கலாகத் தெரிகிறது? பலர் விளையாட்டுப் பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் காரணம் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

1983 ஜூலையில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது. அது வரைந்த படம் அகலத்தில் 256 புள்ளி, உயரத்தில் 240 வரி. அவ்வளவுதான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அப்போதிருந்த டிவி முறையில் ஒரு படத்துக்கு 525 வரிகள். ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என இரண்டு தவணையாக, நொடிக்குச் சுமார் 60 தவணை வரும். விளையாட்டுப் பெட்டி ஒரு தந்திரம் செய்தது. ஒவ்வொரு தவணையையும் அதே வரிகளின் மேலேயே வரைய வைத்தது. படம் நடுங்காமல் நின்றது. விடுபட்ட வரிகள் மெல்லிய கருங்கோடுகளாகத் தெரிந்தன.

ஓவியர்கள் அந்த டிவியை மனதில் வைத்தே வரைந்தார்கள். 1991இல் சேகா வெளியிட்ட சோனிக் விளையாட்டின் அருவியைப் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள்தான் தீட்டியிருப்பார்கள். மஞ்சள் வயர் வழியே படக்குழாய் டிவிக்குப் போகும்போது கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் உள்ளது தெரியும் தண்ணீராக மாறிவிடும். இன்றைய டிவியில் துல்லியமாகக் காட்டினால் அது வெறும் கம்பி வேலி!

எல்சிடி டிவி வந்ததும் கணக்கு மாறியது. அதில் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது. 1080 வரி டிவியில் 240 வரிப் படத்தை நிரப்ப வேண்டும். 1080 ÷ 240 = 4.5. அரை வரியை எங்கே வைப்பது? ஒரு வரி தடித்து, ஒரு வரி மெலியும். அல்லது எல்லாம் கலந்து மங்கும். போதாக்குறைக்கு, பல டிவிகள் இந்த 240 வரியை இரண்டு தவணைப் படத்தின் பாதி என்று தவறாக எண்ணி ஒட்டவைக்கப் பார்க்கும். அதில் படம் மேலும் கெடும், தாமதமும் கூடும். 1984இல் வந்த டக் ஹன்ட் துப்பாக்கி, படக்குழாய் படம் வரையும் நேரத்தை நம்பியே வாத்தைக் குறிபார்த்தது. இன்றைய டிவியில் அது குறியே பார்க்காது.

புதிய விளையாட்டுகளும் தப்பவில்லை. 2007இல் வந்த ஹாலோ 3 உள்ளே வரைந்தது 1152×640 புள்ளிகள்தான். பெட்டிதான் அதைப் பெரிதாக்கி அனுப்பியது. 'எச்டி' என்று நம்பி வாங்கிய ரசிகர்கள் கொதித்தார்கள். அதை உருவாக்கிய பங்கி நிறுவனமும் ஒப்புக்கொண்டு விளக்கம் தந்தது. அக்காலத்தில் 'எச்டி ரெடி' என்று விற்ற பல டிவிகளிலோ 768 வரிகள். 720 வரிப் படம் வந்தாலும் இழுத்துத்தான் ஒட்ட வேண்டும்.

4கே டிவியின் 2160 வரிகள் 240, 720, 1080 மூன்றாலும் மீதியின்றி வகுபடும். ஆனால் டிவி அப்படியே பெருக்கிக் காட்டாமல் தன் இஷ்டத்துக்கு மெருகேற்றினால் அந்தப் பலன் கிடைக்காது.

வீட்டில் பிள்ளைகள் விளையாடினால் டிவியின் அமைப்பில் 'கேம் மோட்' போடுங்கள், தாமதம் குறையும். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் 'ஜஸ்ட் ஸ்கேன்' போன்ற அமைப்பைத் தேடுங்கள். நல்ல நிலையில் படக்குழாய் டிவி இருந்தால், காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள். அந்த ஓவியங்கள் வரையப்பட்ட காகிதம் அதுதான்; இனி யாரும் அதைப் புதிதாகச் செய்து தரப் போவதில்லை.